பழைய காருக்கு பார்ட்ஸ்: புதுப்பேட்டையா, போனா?

பழைய கார் வைத்திருப்பவரிடம் மூன்று கேள்விகள் மட்டும் கேட்கவே கூடாது. ஒன்று, ‘எவ்வளவு மைலேஜ் கொடுக்குது?’ இரண்டு, ‘வித்துட்டுப் புதுசா ஒண்ணு வாங்கிடலாமே?’ மூன்று, ‘பார்ட்ஸெல்லாம் எங்கே ஸார் கிடைக்குது?’

முதல் கேள்விக்குப் பொய் சொல்வார். இரண்டாவதற்குக் கோபித்துக்கொள்வார். மூன்றாவதைக் கேட்டீர்களோ, உங்கள் சாயங்காலம் காலி! டீக்கடையில் ஆரம்பித்து, பஸ் ஸ்டாண்ட் வரை கூடவே நடந்து வந்து, பஸ் கிளம்பிய பிறகும் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு சொல்லிக்கொண்டே வருவார்.

நான் அந்த ஜன்னல் கட்சி.

என்னிடம் இருப்பது 1984 மாடல் பிரீமியர் பத்மினி. ஊர் வழக்கில் ஃபியட். என் மாமா அமெரிக்காவில் இருக்கும் மகனோடு நிரந்தரமாகத் தங்கப் போனபோது, “நீதாண்டா இதை நல்லாப் பார்த்துப்பே” என்று தழுதழுத்த குரலில் கார் சாவியை என்னிடம் கொடுத்தார். வீட்டுச் சாவியை வேறு யாரிடமோ கொடுத்தார் என்பது தனிக் கதை.

நான் படித்தது பி.காம். இன்ஜினியரிங்குக்கும் எனக்கும் ஒட்டு உறவு கிடையாது. ஆனால் எந்தச் செலவையும் நடுவில் ஒரு கோடு போட்டு இரண்டு பக்கமாக எழுதினால் உண்மை தானாக வெளியே வந்துவிடும் என்று எங்கள் அக்கவுண்டன்ஸி வாத்தியார் சொல்வார். ஆகவே, ஆறு வருஷமாக இந்தக் காருக்கு வாங்கிய ஒவ்வொரு சாமானையும் ஒரு நோட்டில் எழுதி வருகிறேன். இடது பக்கம் கடையில் வாங்கியது. வலது பக்கம் ஆன்லைனில் வாங்கியது. அந்த நோட்டுதான் இந்தக் கட்டுரை.

‘என்னிடம்தான் பழைய கார் இல்லையே’ என்று பக்கத்தைப் புரட்டாதீர்கள். இன்னும் இல்லை, அவ்வளவுதான். 1983 டிசம்பரில் வந்த மாருதி 800-ன் தயாரிப்பு 2014-லேயே நின்றுவிட்டது. உங்கள் அப்பா முதல் முதலாக லோன் போட்டு வாங்கிய கார் எதுவோ, அதுவும் இப்போது நான் சொல்லப்போகும் தெருக்களை நோக்கித்தான் மெல்ல உருண்டு வந்துகொண்டிருக்கிறது. அரசாங்கக் கணக்கில் ‘விண்டேஜ்’ என்ற கௌரவம் கிடைக்க ஐம்பது வயசு தாண்ட வேண்டும் என்று 2021-ல் விதி போட்டார்கள். என் பத்மினிக்கு 2034 வரை அந்தப் பட்டம் கிடையாது. அதுவரை அது வெறும் பழைய கார்!

கம்பெனி போச்சு, கார் இருக்கு!

முதலில் ஒரு சின்னச் சரித்திரம். இத்தாலியின் ஃபியட் 1100 காரை பம்பாய் குர்லாவில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் கம்பெனி தயாரித்தது. 1974-ல் அதற்கு சித்தூர் ராணியின் பெயரை வைத்தார்கள். 1089 சி.சி. இன்ஜின், ஸ்டியரிங்கிலேயே கியர், நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். இந்த நூற்றாண்டு ஆரம்பித்த சமயத்தில் தயாரிப்பு முடிந்துவிட்டது. ஆனால் சாமான்கள் மட்டும் தொடர்ந்து கிடைத்துக்கொண்டே இருந்தன. ஏன்?

டாக்ஸி! பம்பாய் முழுக்கக் கறுப்பும் மஞ்சளுமாக ஃபியட்தான் ஓடியது. டாக்ஸி என்றால் தினமும் ஓட்டம். தினமும் ஓட்டம் என்றால் தினமும் தேய்மானம். கிளட்ச் பிளேட் தேயத் தேய, அதைச் செய்து விற்க யாரோ ஒருவர் எங்கேயோ பட்டறை வைத்திருந்தார். அந்தப் புண்ணியத்தில் நம்மைப் போன்ற ஞாயிற்றுக்கிழமை டிரைவர்களும் பிழைத்தோம். 2023 அக்டோபரில் கடைசி பத்மினி டாக்ஸியும் வயசு வரம்பு முடிந்து பம்பாய்த் தெருக்களிலிருந்து இறங்கிவிட்டது. பேப்பர்களெல்லாம் உருகி உருகி எழுதின. எனக்கு முதலில் தோன்றியது, ‘இனிமேல் கிளட்ச் பிளேட் யார் செய்வான்?’ என்பதுதான். பி.காம். புத்தி!

அம்பாசடர் கதையும் இதே ராகம்தான். கல்கத்தா அருகே உத்தர்பாராவில் 1958-ல் ஆரம்பித்து 2014-ல் நின்றது. கல்கத்தாவின் மஞ்சள் டாக்ஸிகள் வருஷத்துக்கு வருஷம் குறைந்துகொண்டே வருகின்றன.

நம்ம ஊர்க் காரும் ஒன்று உண்டு. ஸ்டாண்டர்டு ஹெரால்டு. சென்னைக்குப் பக்கத்தில் பெருங்களத்தூரில் 1961-லிருந்து தயாரானது. கம்பெனி எண்பதுகளிலேயே மூடியாகிவிட்டது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறேன்.

ஸ்டூலில் ஒரு பல்கலைக்கழகம்

சென்னையில் கார் சாமானுக்கு இரண்டு திசை. புதுசு வேண்டுமென்றால் மவுண்ட் ரோடிலிருந்து பிரியும் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு. சுருக்கமாக ஜி.பி. ரோடு. பழசு வேண்டுமென்றால் எழும்பூருக்குப் பக்கத்தில், கூவம் கரையோரம் புதுப்பேட்டை. டில்லிக்கு மாயாபுரி, கல்கத்தாவுக்கு முல்லிக் பஜார் எப்படியோ, நமக்குப் புதுப்பேட்டை அப்படி. ‘அரை மணி நேரம் அங்கே காரை நிறுத்தினால், திரும்பி வரும்போது உன் கார் சக்கரத்தை உனக்கே விற்பார்கள்’ என்று ஊரில் ஒரு பழைய ஜோக் உண்டு. ஆறு வருஷமாக நிறுத்துகிறேன். நாலு சக்கரமும் பத்திரம். டயர்களின் நிலைமையைப் பார்த்து விட்டுவிட்டார்களோ என்னவோ.

நான் வழக்கமாகப் போகும் கடை எட்டடிக்குப் பத்தடி. தரையிலிருந்து கூரை வரை கார்பரேட்டர், டைனமோ, ஸ்டார்ட்டர் மோட்டார், ஹப், டிரம். நடுவே ஒரு ஸ்டூல். ஸ்டூலில் கடைக்கார பாய். அறுபதைத் தாண்டியவர். கம்ப்யூட்டர் கிடையாது. ஸ்டாக் ரிஜிஸ்டர் கிடையாது. எது எங்கே இருக்கிறது என்பது அவர் தலைக்குள் இருக்கிறது.

சில மாதங்களுக்கு முன் ஒரு சனிக்கிழமை நான் அங்கே இருந்தபோது, கழுத்தில் ஐ.டி. கார்டு ஊஞ்சலாட ஓர் இளைஞர் வந்தார். தாத்தாவின் அம்பாசடருக்கு உயிர் கொடுத்துக்கொண்டிருக்கிறாராம்.

“பாய், அம்பாசடருக்கு பிஸ்டன் செட் வேணும்.”

“பெட்ரோலா, டீசலா தம்பி?”

“பெட்ரோல்.”

“பழைய இன்ஜினா, இசுஸுவா?”

“பழசு பாய்.”

“போர் பண்ணியிருக்கா?”

“போர்னா?”

பாய் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். இளைஞர் சளைக்கவில்லை. போனை நீட்டினார். “இதோ போட்டோ இருக்கு பாய். இதே மாதிரிதான்.”

“தம்பி, போட்டோவைப் பார்த்து சாமான் குடுத்தா அது போட்டோவுக்குத்தான் பொருந்தும். பழைய பிஸ்டனைக் கழட்டி எடுத்துக்கிட்டு வா. தலையில நம்பர் அடிச்சிருக்கும்.”

இதில் ஒரு விஷயம் இருக்கிறது. இன்ஜின் ஓட ஓட சிலிண்டரின் உள்சுவர் தேய்ந்து, வட்டம் கொஞ்சம் கோணலாகிவிடும். அதைச் சரிசெய்ய, சிலிண்டரைக் கொஞ்சம் அகலமாகக் கடைந்து, அதற்கேற்ற பெரிய பிஸ்டன் போடுவார்கள். முதல் தடவை ஆயிரத்தில் இருபது அங்குலம். அடுத்த தடவை நாற்பது. அப்புறம் அறுபது. ‘ட்வென்டி ஓவர்ஸைஸ், ஃபார்ட்டி ஓவர்ஸைஸ்’ என்பார்கள். ட்வென்டி என்பது ஏறக்குறைய அரை மில்லிமீட்டர். அரை மில்லிமீட்டர் என்ன பெரிசா என்கிறீர்களா? கார் ஓடுவதும், ஓடாமல் நின்ற இடத்தில் புகை போடுவதும் அந்த அரை மில்லிமீட்டரில்தான்.

ஆக, அந்த அம்பாசடருக்கு என்ன சைஸ் பிஸ்டன் என்பது கார் செய்த கம்பெனிக்கே தெரியாது. முப்பது வருஷத்துக்கு முன் அதைக் கடைந்த லேத்துக்காரருக்குத்தான் தெரியும்.

பழைய கார் விவகாரத்தின் மையமே இதுதான். கேட்டலாக் சொல்வது, அன்றைக்கு ஃபாக்டரியில் என்ன மாட்டினார்கள் என்பதை. இன்றைக்கு உங்கள் காரில் என்ன இருக்கிறது என்பதை அல்ல. என் பத்மினியில் மாமா காலத்திலேயே மாருதி வேன் ஆல்டர்னேட்டரை மாட்டியிருக்கிறார்கள். அதற்குத் தகுந்தபடி பெல்ட்டின் நீளமும் மாறிவிட்டது. கேட்டலாக்கைப் பார்த்து நம்பர் போட்டு ஆர்டர் செய்தால் அசல் ஃபேன் பெல்ட் வரும். அசல் கார்தான் இல்லை!

கடையில் பாய் கேட்கும் ஐந்து கேள்விகள் இந்த இடைவெளியைத்தான் நிரப்புகின்றன. போன் கேள்வி கேட்காது. ‘பை நவ்’ என்று மட்டும் சொல்லும்.

அதற்காகக் கடைக்குக் கோயில் கட்ட வேண்டாம். அங்கேயும் தமாஷ் உண்டு. ‘ஒரிஜினல்’ என்பார்கள். ‘ஃபர்ஸ்ட் லோக்கல்’ என்பார்கள். ‘ஒரிஜினல் மாதிரியே’ என்பார்கள். மூன்றும் ஒரே டப்பாவிலிருந்து வருவதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். விலையோ, உங்கள் சட்டையைப் பார்த்து முடிவாகும். நான் இதற்கென்றே காலர் கிழிந்த ஒரு சட்டை வைத்திருக்கிறேன். இரண்டு வருஷத்தில் சட்டைக்குப் போட்ட பணம் வட்டியோடு திரும்பிவிட்டது.

நம்பர் இருந்தால் நாடு முழுக்கக் கடை

இப்போது நோட்டின் வலது பக்கம்.

சில சாமான்களுக்கு நம்பர்தான் ஜாதகம். பால் பேரிங்கை எடுத்துக்கொள்ளுங்கள். 6203 என்றால் உள் விட்டம் 17 மி.மீ., வெளி விட்டம் 40, அகலம் 12. ஸ்வீடனில் வாங்கினாலும் சிந்தாதிரிப்பேட்டையில் வாங்கினாலும் அதே அளவு. பழைய பேரிங்கைத் துடைத்து நம்பரைப் படித்துவிட்டால் போதும், தைரியமாக ஆன்லைனில் வாங்கலாம். ஆயில் சீலுக்கும் உள்ளளவு, வெளியளவு, தடிமன் என்று மூன்று எண்கள். ஸ்பார்க் பிளக், பல்பு, பெல்ட் எல்லாம் இந்த ரகம். பழசின் மேலேயே அச்சடித்திருக்கும். அதைப் படியுங்கள், கேட்டலாக்கை அல்ல. இவற்றுக்காக அரை நாள் லீவு போட்டு அலைவது வீண்.

இரண்டாவது, அலங்காரச் சாமான்கள். க்ரோம் பட்டை, எம்ப்ளம், ஹப் கேப். இவை உங்கள் ஊரில் இருக்காது. பூனாவிலோ, கோயமுத்தூரிலோ யாரோ ஒருவர் பரணில் செய்தித்தாளில் சுற்றி வைத்திருப்பார். அவரை உங்களோடு சேர்த்து வைப்பது ஆன்லைனின் மகத்தான சேவை. என் காரின் பின்பக்க ‘பத்மினி’ எழுத்து அப்படி வந்ததுதான். ஆபீஸ் விலாசத்துக்கு வந்த பார்சலைப் பார்த்துவிட்டு, பத்மினி யார் என்று ரிசப்ஷனில் இரண்டு நாள் விசாரணை நடந்தது.

மூன்றாவது, நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னேனே, ஹெரால்டு. அது உண்மையில் இங்கிலாந்தின் ட்ரையம்ஃப் ஹெரால்டு. அந்த ஊரில் பழைய கார் பைத்தியங்கள் அதிகம். கிளப் வைத்து நடத்துகிறார்கள். அதனால் ட்ரையம்ஃப் ஹெரால்டுக்கு இன்றும் பல பாகங்களைப் புதிதாகவே செய்து, நம்பர் போட்டு, ஆன்லைனில் விற்கிறார்கள். பெருங்களத்தூரில் பிறந்த காருக்கு உதிரி பாகம் இங்கிலாந்தில்! ஆனால் ஒரு ஜாக்கிரதை. அங்கே இன்ஜின் 948 சி.சி.யிலிருந்து 1147, 1296 என்று வளர்ந்துகொண்டே போனது. நம்ம ஹெரால்டு 948-லேயே நின்றுவிட்டது. பெயர் ஒன்றுதானே என்று வாங்கினால், கடல் கடந்து வந்த சாமான் பேப்பர் வெயிட் ஆகும்.

இனி, வலது பக்கத்தின் சோகக் கதை ஒன்று. பழைய காருக்குப் பதினைந்து வருஷம் முடிந்ததும் ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும். காரைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். அதற்கு மூன்று வாரம் இருக்கும்போது என் காரின் இடது கதவு லாக் உயிரை விட்டது. மனைவி ஒரு கையால் கதவையும் இன்னொரு கையால் உயிரையும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து வந்தாள். ஒரு வலைத்தளத்தில் இடது லாக் என்று தெளிவாகப் போட்டிருந்தார்கள். ஆர்டர் கொடுத்தேன். வந்தது வலது. திருப்பி அனுப்பினேன். மறுபடியும் வலது. ‘தங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்’ என்று எழுதினார்கள். என்னைவிட அதிகமாக வருந்தினார்கள் போலிருந்தது. மூன்றாவது தடவை பணம் மட்டும் திரும்பி வந்தது. பதினாறு நாள் போயிருந்தது.

பாய் ஒரு பிஸ்கட் டின்னைக் கவிழ்த்தார். தேடினார். “இந்தாங்க ஸார், லெஃப்ட்டு. ஸ்பிரிங் மட்டும் மாத்திக்குங்க.” முடிந்தது விஷயம்.

உயிர் போகிற சமாச்சாரம்

இதுவரை சிரித்தது போதும். இந்தப் பகுதியை மட்டும் வெட்டி மெக்கானிக் ஷெட்டில் ஒட்டி வையுங்கள்.

ஆன்லைனில் ‘நியூ ஓல்ட் ஸ்டாக்’ என்று ஒரு மந்திர வார்த்தை உண்டு. அந்தக் காலத்தில் கம்பெனி செய்து, விற்காமல், டப்பா பிரிக்காமல் கிடக்கும் சரக்கு. கியர் சக்கரமோ, கதவுக் கைப்பிடியோ என்றால் தங்கம். கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். ஆனால் ரப்பர் மட்டும் வேண்டவே வேண்டாம். ரப்பருக்கு வயசாக ஓட வேண்டியதில்லை. டப்பாவில் தூங்கினாலும் வயசாகும். முப்பது வருஷத்து பிரேக் ரப்பர் பார்க்கப் பளபளவென்று இருக்கும். மாட்டினால் இறுகி, வெடித்து, கசியும். ஃப்யூயல் ஹோஸும் அப்படித்தான். ஒன்று பிரேக்கை அணைக்கும், இன்னொன்று நெருப்பை மூட்டும்.

ஆகவே மாஸ்டர் சிலிண்டர் கிட், வீல் சிலிண்டர் கிட், பிரேக் ஹோஸ் மூன்றையும் நான் ஆளைத் தெரிந்த கடையில், புதிதாகத் தயாரானதாக, பில் போட்டுத்தான் வாங்குவேன். இரண்டு வருஷத்துக்கு முன், எங்கள் மெக்கானிக் அண்ணனிடம் வந்த இன்னொரு காருக்கு அதன் சொந்தக்காரர் ஆன்லைனில் வரவழைத்த வீல் சிலிண்டர் கிட்டைப் பார்த்தேன். பிரபல கம்பெனியின் டப்பா, அதே கலர், அதே எழுத்து. பெயரில் மட்டும் ஒரு எழுத்து குறைந்தது. அண்ணன் ரப்பரை விரலால் மடக்கினார். ஓரத்தில் கீறல் விட்டது. “இதை மாட்டி அனுப்பிட்டு நான் ராத்திரி எப்படிய்யா தூங்கறது?” என்று டப்பாவைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டார். நியாயமாகச் சொன்னால், இந்தப் போலி கடைத்தெருவிலும் உலாவுகிறது. வித்தியாசம் என்னவென்றால், கடையில் டப்பாவைப் பிரித்து, மடக்கிப் பார்த்து, வேண்டாம் என்று அங்கேயே வைத்துவிட்டு வரலாம்.

கூடவே இரண்டு குறிப்பு. பிரேக் ரப்பரை பெட்ரோலிலோ மண்ணெண்ணெயிலோ கழுவக் கூடாது, உப்பிவிடும். டாட் 3, டாட் 4 பிரேக் ஆயில் ஓடும் காரில் டாட் 5 ஊற்றக் கூடாது. அது சிலிகான் ஜாதி, மற்றதோடு சேராது. ‘நம்பர் பெரிசாச்சே, நல்லதாத்தான் இருக்கும்’ என்று ஊற்றும் ஆசாமிகளை நான் பார்த்திருக்கிறேன்.

டயருக்கும் வயசு உண்டு. பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ம் வருஷத்தின் 23-வது வாரம் பிறந்தது. ஆன்லைனில் வாங்கினால் மாட்டுவதற்கு முன் அதைப் படியுங்கள்.

எலுமிச்சம்பழமும் நோபல் பரிசும்

ஜார்ஜ் அகர்லாஃப் என்ற அமெரிக்கப் பொருளாதார நிபுணர் 1970-ல் ஒரு கட்டுரை எழுதினார். பழைய கார் மார்க்கெட்டைப் பற்றி. விற்பவனுக்குப் பொருளின் குறை தெரியும், வாங்குபவனுக்குத் தெரியாது. ஆகவே வாங்குபவன் எல்லாவற்றுக்கும் சந்தேக விலைதான் கொடுப்பான். அந்த விலைக்கு நல்ல சரக்கு வைத்திருப்பவன் விற்க மாட்டான். கடைசியில் சந்தையில் மட்டமான சரக்கே மிஞ்சும். 2001-ல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. அந்த ஊரில் மோசமான காருக்கு ‘லெமன்’ என்று பெயர். நாம் எலுமிச்சம்பழத்தை டயருக்கு அடியில் வைக்கிறோம். அவர்களுக்கு டயருக்கு மேலே இருப்பதே எலுமிச்சம்பழம்!

இந்தச் சந்தேக விலையைப் போக்க ஒரே வழி, விற்பவனை நாளைக்கும் பார்க்க முடிகிற ஏற்பாடு. கடையில் அது ஸ்டூல். ஆன்லைனில் அது ரிட்டர்ன் வசதி. எது உண்மையாக வேலை செய்கிறதோ அங்கே வாங்குங்கள்.

விலையைப் பார்க்கும்போது டிக்கெட் விலையைப் பார்க்காதீர்கள், வீடு வந்து சேரும் விலையைப் பாருங்கள். ஆன்லைனில் சாமான் விலை, அனுப்பும் செலவு, பொருந்தாவிட்டால் திருப்பி அனுப்பும் செலவு, அதுவரை மெக்கானிக் ஷெட்டில் கார் இடத்தை அடைத்துக்கொண்டிருப்பதற்கு அவர் முறைக்கும் முறைப்பு. வெளிநாடு என்றால் சாமானோடு கப்பல் கூலியும் சேர்த்த தொகைக்குச் சுங்க வரி, எல்லாம் கூட்டிய பிறகு அதன் மேல் ஜி.எஸ்.டி. கடை என்றால் சாமான் விலை, பஸ் அல்லது ஆட்டோ, இரண்டு டீ, அரை நாள் கேஷுவல் லீவு. என் நோட்டில் சின்னச் சாமான்களுக்கு ஆன்லைன் ஜெயித்தது. பெரிய, கனமான, அளவு பார்க்க வேண்டிய எல்லாவற்றுக்கும் கடை ஜெயித்தது.

பில் கேட்க வெட்கப்படாதீர்கள். ‘விற்ற சாமான் திரும்பப் பெறப்பட மாட்டாது’ என்று போர்டு மாட்டியிருப்பார்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளைப் பில்லில் சொன்ன காலத்துக்குள், அப்படி எதுவும் சொல்லாவிட்டால் முப்பது நாளுக்குள், திரும்ப எடுக்க மறுப்பது முறையற்ற வியாபாரம். பில் கொடுக்க மறுப்பதும் அதே கணக்கு. ஆன்லைன் வியாபாரிக்கும் இது பொருந்தும். நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். புகார் சொல்ல 1915 என்ற எண் இருக்கிறது. பழைய இன்ஜின் வாங்கினால் பில் இல்லாமல் தொடவே தொடாதீர்கள். இன்ஜின் நம்பர் ஆர்.சி.யில் ஏற வேண்டும். அது யாருடைய இன்ஜின் என்று கேள்வி வந்தால் பதில் காகிதத்தில் இருக்க வேண்டும்.

கணக்கில் வராத ஒரு வரி

அந்த அம்பாசடர் இளைஞர் அடுத்த சனிக்கிழமையே வந்துவிட்டார். கையில் துணியில் சுற்றிய பழைய பிஸ்டன். பாய் அதை வேட்டி நுனியால் துடைத்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

“ஃபார்ட்டி. இப்ப சிலிண்டரை அளந்து பார்க்கச் சொல்லு. தேஞ்சிருந்தா சிக்ஸ்டிக்குப் போகணும். ரெண்டுமே என்கிட்ட இல்லை. டில்லி காஷ்மீரி கேட்ல இருக்கும். பேரைப் போட்டுத் தேடாதே, சைஸைப் போட்டுத் தேடு. ரிங்கு, பின்னு எல்லாம் செட்டா வருதான்னு கேட்டுக்க.”

இளைஞர் சிந்தாதிரிப்பேட்டையில் ஒரு பட்டறையில் அளந்து வந்தார். சிக்ஸ்டி. பாய் கடை வாசலிலேயே நின்று போனில் தேடினார். டில்லியில் இருந்தது. ஆர்டர் போட்டார். கடையா ஆன்லைனா என்ற சண்டை அந்த வாசலில் இரண்டு நிமிஷத்தில் சமாதானமாகிவிட்டது. சாமான் எங்கே இருக்கிறது என்பது போனுக்குத் தெரிந்தது. என்ன சாமான் என்பது பாய்க்குத் தெரிந்தது.

“உங்களுக்கு எவ்வளவு பாய்?” என்றார் இளைஞர்.

“எனக்கென்ன? நான் சாமானே குடுக்கலியே. ஒரு டீ சொல்லு.”

நான் நோட்டைத் திறந்தேன். டில்லிக்குப் போன பணம் எந்தப் பக்கம் என்று தெரிந்தது. பாய் சொன்ன அந்த நாலு வாக்கியத்தை எந்தப் பக்கம் எழுதுவது? அது இல்லாவிட்டால் டில்லியிலிருந்து வந்திருப்பது நாலு அழகான பேப்பர் வெயிட்.

பாய்க்கு ஒரே மகன். ஓ.எம்.ஆர். பக்கம் ஏதோ ஆன்லைன் கம்பெனியில் நல்ல வேலை. கடைக்கு வருவதில்லை. “ஏன் வரணும்? இதுல என்ன இருக்கு?” என்கிறார் பாய் சாதாரணமாக. யோசனை கேட்க இங்கே வருகிறோம். சாமானை அங்கே வாங்குகிறோம். யோசனைக்கு எம்.ஆர்.பி. கிடையாது. சாமான் விற்றால்தான் வாடகை. இப்படியே போனால் ஒருநாள் அந்த ஷட்டர் இறங்கும். அப்போது நம் போனில் பிஸ்டன் படம் ஆயிரம் வரும், எது நம்முடையது என்று சொல்லத்தான் ஆள் இருக்காது.

அதனால் நான் ஒரு ஏற்பாடு செய்துகொண்டிருக்கிறேன். நம்பர் தெரிந்த சாமானும் பாயிடம் இருந்தால் பாயிடமே வாங்குவது. பத்து, இருபது கூடப் போனாலும் சரி. ஆன்லைனில் வாங்கத்தான் வேண்டும் என்றால், அன்றைக்கு அவரிடம் ஒரு ஃப்யூஸாவது, ஒரு டஜன் நட்டாவது வாங்கிக்கொண்டு வருவது. தர்மம் இல்லை ஸார், மெயின்டனன்ஸ் செலவு!

பி.காம்.மில் ‘குட்வில்’ என்று ஒரு பாடம் உண்டு. ஒரு வியாபாரம் தானாக வளர்த்துக்கொண்ட குட்வில்லைப் புத்தகத்தில் சொத்தாகக் காட்டக் கூடாது என்பது அக்கவுண்டிங் விதி. பரீட்சையில் இதற்கு ஐந்து மார்க் வாங்கியிருக்கிறேன். அர்த்தம் புரிந்தது புதுப்பேட்டையில்தான்.

பரணில் அப்பாவின் பழைய கார் கவர் கிடக்கிறதா? கவருக்குள்ளே காரும் இருக்கிறதா? சனிக்கிழமை கிளம்புங்கள். பழைய சாமானை மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். டீக்குச் சில்லறையும். சட்டை மட்டும் கொஞ்சம் பழசாக இருக்கட்டும்!